மலையாய்க் கிடக்கும் பீவர்: சுகர்லோஃப் கதையும் பனியுக எலும்பும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சவுத் டீர்ஃபீல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையில் சுகர்லோஃப் என்றொரு செம்மணற்கல் மலை நிற்கிறது. உயரம் சுமார் 200 மீட்டர்தான். மலை நாட்டார் பார்த்தால் குன்று என்பார்கள். ஆனால் தட்டையான வயல்வெளியிலிருந்து சட்டென்று எழுவதால் வெகுதூரத்துக்குத் தெரியும். தெற்கே செங்குத்தான பாறைமுகம். அதன் பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் வடக்கு நோக்கி நீளும் மலைமுதுகு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான பொக்கம்டக் மக்கள் இதில் ஒரு விலங்கைக் கண்டார்கள். பாறைமுகம் தலை, பள்ளம் கழுத்து, வடக்கே நீள்வது உடல். படுத்துக் கிடப்பது ஒரு மாபெரும் பீவர்.

அதே கண்டத்தில் பனியுகக் காலத்தில் கரடியளவு பீவர் ஒன்று உண்மையாகவே வாழ்ந்து அழிந்திருக்கிறது. அதன் எலும்பு கிடைத்திருக்கிறது, பல் கிடைத்திருக்கிறது, பெயரும் சூட்டியாகிவிட்டது. அப்படியானால் மலைக்கதை அந்த விலங்கைப் பற்றிய நினைவா? பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாய்வழியாகவே கடத்தப்பட்ட நேரடிச் சாட்சியமா? இதுதான் வழக்கு.

உள்ளே போகுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீவர் இந்தியாவில் இல்லாத விலங்கு. தமிழில் சிலர் அதை நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் வேறு. அது காவிரியில் இன்றும் நீந்துகிறது, மீன் பிடித்துத் தின்கிறது. பீவர் எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். மரப்பட்டை, இளங்கிளை, இலை, நீர்ச்செடி ஆகியவைதான் அதற்கு உணவு. மீனைத் தொடாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கதை எப்படி நம் கைக்கு வந்தது

டீர்ஃபீல்டில் 1870இல் ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் நடவடிக்கைத் தொகுப்பில் ஃபினியஸ் ஃபீல்ட் என்ற தேவாலயப் பணியாளர் எழுதிக் கொடுத்த பழங்கதைகள் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று, சில வரிகளே உள்ள பீவர் கதை. ஃபீல்ட் சொல்லும் சேதி இவ்வளவுதான்: மாபெரும் பீவர் ஒன்று இருந்தது. அதன் குளம் டாம் மலையை ஒட்டிய பள்ளத்தாக்கு முழுவதும் பரந்து கிடந்தது. அது ஆற்று மீன்களைச் சூறையாடியது. மீன் தீர்ந்ததும் கரையேறி மனிதர்களைத் தின்றது. மக்கள் கூடி ஹாபமாக் என்ற ஆவியை அழைத்தார்கள். ஹாபமாக் பெரிய கழியுடன் ஆற்றில் இறங்கித் துரத்தினான். பீவர் மண்ணைத் தோண்டி ஒளியப் பார்த்தது. அவன் கழியை ஓங்கி இறக்கித் தலையைத் துண்டித்தான். தலைமேல் மூடிய மண்தான் சுகர்லோஃப், உடல் அதற்கு வடக்கே கிடக்கிறது.

1910இல் பக்கத்து ஊரான மான்டேகின் வரலாற்றை எழுதிய எட்வர்ட் பிரெஸ்ஸி இதையே சற்று விரித்துச் சொன்னார். அதில்தான் வயல்வெளியை மூடியிருந்த பெரும் ஏரி தெளிவாக வருகிறது. மலையின் பழம்பெயரான வெக்வாம்ப்ஸும் வருகிறது. வடக்கே வாழும் பூர்வகுடிகளான அபெனாக்கி மக்கள் அந்த விலங்கைக் 'க்ட்சி அமிஸ்க்வ்' என்கிறார்கள். மாபெரும் பீவர் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டு பதிவுகளையும் செய்தவர்கள் குடியேறிகளின் வழிவந்தவர்கள். பொக்கம்டக் மக்கள் அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே போரினாலும் நில இழப்பினாலும் சிதறி, வடக்கே அபெனாக்கி ஊர்களிலும் பிற இடங்களிலும் கலந்துவிட்டிருந்தார்கள். நம்மிடம் இருப்பது கதை சொன்னவரின் வாய்ச்சொல் அல்ல, கேட்டவரின் சுருக்கக் குறிப்பு. இதை மறந்துவிட்டு ஒவ்வொரு சொல்லையும் கல்வெட்டுபோல நம்பி ஆராய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எலும்பின் பக்கம்

ஓஹையோ மாநிலத்தில் நாஷ்போர்ட் என்ற இடத்தில் கால்வாய் வெட்டியபோது கிடைத்த எச்சங்களை வைத்து, 1838இல் ஜே. டபிள்யூ. ஃபாஸ்டர் இந்த விலங்குக்குக் காஸ்டராய்டிஸ் ஓஹையோயென்சிஸ் என்று பெயரிட்டார். காஸ்டராய்டிஸ் என்றால் பீவரைப் போன்றது. 1846இல் நியூயார்க் மாநிலத்துக் கிளைட் என்ற ஊரில் கிடைத்த மண்டையோட்டை ஜேம்ஸ் ஹாலும் ஜெஃப்ரிஸ் வைமனும் விவரித்தார்கள். பிறகு ஃபுளோரிடா முதல் யூக்கான், அலாஸ்கா வரை எச்சங்கள் வந்துகொண்டே இருந்தன. யூரேசியாவில் இதைப் போன்றே பெருத்த இன்னொரு பீவர், ட்ரோகன்தீரியம், இதற்கும் முன்னரே 1809இல் அசோவ் கடற்கரை எச்சத்திலிருந்து அறியப்பட்டது. அது தனிக்கதை.

காஸ்டராய்டிஸின் நீளம் சுமார் 2 மீட்டர். பழைய மதிப்பீடுகள் எடையை 200 கிலோ வரை கொண்டுபோயின. இப்போது 100 கிலோ அளவில் வைத்துப் பேசுகிறார்கள். இன்றைய வட அமெரிக்க பீவர் பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டாது.

அந்தப் பல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இன்றைய பீவரின் முன் வெட்டுப்பல்லின் வெளிமுகத்தில் வழவழப்பான எனாமல் பூச்சு உண்டு. இரும்புச் சத்து சேர்ந்து செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். எனாமல் கெட்டி, அதன் பின்னால் இருக்கும் பல்திசு மென்மை. கடிக்கக் கடிக்க மென்மையான பகுதி முதலில் தேய்கிறது, எனாமல் விளிம்பு கூராகவே நிற்கிறது. தச்சனின் உளி இதே அமைப்பில்தான் இருக்கிறது. மரத்தைச் சாய்க்கும் வித்தை முழுவதும் அந்த விளிம்பில் இருக்கிறது. காஸ்டராய்டிஸின் வெட்டுப்பல் 15 சென்டிமீட்டர் வரை நீளும். அதை எடுத்துப் பார்த்தால் வெளிமுகம் வழவழப்பாக இல்லை. நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளமும் மேடும் ஓடுகின்றன. நுனி உளிபோலக் கூராக இல்லாமல் மழுங்கி உருண்டிருக்கிறது. பெரிய பல், பெரிய வேலை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் இந்தப் பல்லால் மரம் வெட்டுவது கரண்டியால் விறகு பிளப்பதற்குச் சமம்.

பல்லின் வடிவத்தை வைத்து ஊகித்ததை 2019இல் வேதியியல் உறுதிப்படுத்தியது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த டெஸ்ஸா பிளின்டும் அவருடைய குழுவினரும் யூக்கான், ஓஹையோ முதலிய இடங்களில் கிடைத்த காஸ்டராய்டிஸ் எலும்புகளிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, அதிலிருந்த கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்தார்கள். தின்ற உணவு உடலாகும்போது அதன் ஐசோடோப்பு விகிதம் எலும்பில் பதிந்துவிடும். மரம் தின்ற விலங்கின் விகிதம் வேறு, நீருக்குள் மூழ்கி வளரும் செடியைத் தின்றதன் விகிதம் வேறு. வந்த விடை தெளிவாக இருந்தது: இந்தப் பெரும் பீவர் முக்கியமாக நீர்ச்செடி தின்றே வாழ்ந்தது. மரத்தை உணவாகக் கொண்டதற்கு அடையாளம் இல்லை.

அணை கட்டியதா? ஓஹையோவின் நியூ நாக்ஸ்வில் அருகே 1912இல் ஒரு மண்டையோட்டுடன் இளமரத் தண்டுகளால் ஆன மேடு ஒன்று இருந்ததாகவும், அது இதன் வீடாக இருக்கலாம் என்றும் ஒரு பழைய குறிப்பு உண்டு. நூறாண்டுக்கு மேலாகியும் அதற்குத் துணையாக இன்னொன்று வரவில்லை. ஒற்றைக் குறிப்பை வைத்து அணை கட்டும் இனம் என்று தீர்ப்பெழுத முடியாது.

இங்கேதான் இந்த ஆய்வில் என்னை மிகவும் தொட்ட செய்தி இருக்கிறது. பனியுக முடிவில் வெப்பமும் வறட்சியும் கூடியபோது சதுப்பு நிலங்கள் சுருங்கின. காஸ்டராய்டிஸுக்குத் தண்ணீரும் அதில் விளையும் செடியும்தான் வாழ்வு. தண்ணீர் போனால் போனதுதான். அதே நிலத்தில், அதே காலத்தில், சின்ன பீவரும் வாழ்ந்தது. அதற்கு மரம் வெட்டத் தெரியும், ஓடையை மறிக்கத் தெரியும், தனக்கு வேண்டிய குளத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியும். பெரியது அழிந்தது. சின்னது நிலைத்தது.

நினைவுதான் என்று சொல்பவர்களின் வாதம்

1972இல் ஜேன் பெக் என்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர், வடகிழக்கு அல்கோன்கின் மொழி மக்களிடையே பரவியுள்ள பெரும் பீவர் கதைகள் காஸ்டராய்டிஸைப் பற்றிய தொல்நினைவாக இருக்கக்கூடுமா என்ற கேள்வியை முறையாக எழுப்பினார். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நியாயமாக எடைபோட வேண்டும்.

காலம் இடித்துக்கொள்ளவில்லை. காஸ்டராய்டிஸ் அழிந்தது பனியுகத்தின் கடைசியில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன். வட அமெரிக்காவில் மனிதர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். இன்னும் வியப்பான செய்தி, சுகர்லோஃப் மலையின் அடிவாரத்திலேயே பனியுக இறுதிக்கால வேட்டையாடிகளின் தங்குமிடம் ஒன்று அகழப்பட்டிருக்கிறது. நடுவில் பள்ளம் செதுக்கிய ஈட்டிமுனைகளைச் செய்தவர்கள் அங்கே உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள். கதை நடந்ததாகச் சொல்லப்படும் அதே மண்ணில்.

இடமும் பொருந்துகிறது. பக்கத்து நியூயார்க்கில் எலும்பு கிடைத்திருக்கிறது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் இந்தியன் தீவுப் பகுதியிலிருந்தும் ஒரு காஸ்டராய்டிஸ் எச்சம் கிடைத்து, 2000இல் அறிவிக்கப்பட்டது.

ஏரியும் உண்மை. கதையில் வரும் பெரும் ஏரிக்கு இன்று ஹிட்ச்காக் ஏரி என்று பெயர், டீர்ஃபீல்டில் பிறந்து ஆமர்ஸ்ட் கல்லூரித் தலைவராக இருந்த புவியியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக்கின் நினைவாக. பனியாறு பின்வாங்கியபோது, கனெக்டிகட் மாநிலத்தில் ராக்கி ஹில் என்ற இடத்தில் பனியாறு தள்ளிவந்த மண்ணும் கல்லும் குவிந்து ஆற்றை அடைத்தன. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி வெர்மான்ட் வரை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியானது. அடியில் ஆண்டுதோறும் இரண்டு படலங்கள் படிந்தன. கோடையில் பனி உருகி ஓடிவரும்போது வெளிர்நிற வண்டல், குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து நீர் அசையாதிருக்கும்போது கருநிற நுண்களிமண். ஒரு வெளிர், ஒரு கருமை என்றால் ஓர் ஆண்டு. செங்கல் சூளைக்காரர்கள் வெட்டிய களிமண் குழிகளில் இந்த வரிகளை எண்ணி, எர்ன்ஸ்ட் ஆன்டெவ்ஸ் 1922இல் 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கணக்கை வெளியிட்டார். பிறகு ராக்கி ஹில் அணை உடைந்தது, ஏரி வடிந்தது.

ஆக, மாபெரும் பீவர் இருந்தது; மாபெரும் ஏரி இருந்தது; ஏரியை மறித்த மண்ணணை இருந்தது; மலையடியில் மனிதன் இருந்தான். இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்தால் எவருக்கும் உள்ளம் துள்ளும். எனக்கும் துள்ளியது.

முடிச்சு அவிழும் இடம்

ஆனால் ஒவ்வொன்றையும் அடுத்ததுடன் கட்டும் கயிற்றை இழுத்துப் பார்த்தால் அது கையோடு வந்துவிடுகிறது.

கதையின் பீவர் யார்? குளம் உண்டாக்குகிறவன். பள்ளத்தாக்கையே நிரப்பும் குளத்துக்கு உரியவன். அதுதான் அவனுடைய குற்றமும் அடையாளமும். காஸ்டராய்டிஸ் செய்ததாகச் சான்று கிடைக்காத ஒரே வேலை அதுதான். அது இயற்கை தந்த நீரில் செடி மேய்ந்த விலங்கு. அதை உண்மையாகவே பார்த்த மக்கள் நினைவில் வைத்திருந்தால், சதுப்பில் மேயும் பேருருவைப் பற்றியல்லவா கதை இருக்கும்? கதையில் வருவது ஓடையோரத்தில் ஒவ்வொரு தலைமுறையும் பார்த்த சின்ன பீவர். அதன் செயலை அப்படியே வைத்து, உருவத்தை மட்டும் பள்ளத்தாக்கின் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

அப்படிப் பெரிதாக்க எலும்பு எதுவும் தேவையில்லை. பீவர் அணை உடைந்த இடத்தை நேரில் கண்டவருக்குத் தெரியும்: நீர் வடிந்ததும் தட்டையான, வளமான, கருமண் வெளி ஒன்று மிஞ்சும். ஓரங்களில் பழைய நீர்மட்டத்தின் விளிம்பு தெரியும். கனெக்டிகட் பள்ளத்தாக்கு அதே தோற்றத்தில்தான் இருக்கிறது, ஆயிரம் மடங்கு பெரிய அளவில். தட்டையான வயல், ஓரத்தில் படிப்படியான மணல்மேடுகள், நடுவே படுத்த விலங்கின் வடிவில் மலை. ஒரு சின்னக் குளம் வடிந்ததை நன்றாகக் கவனித்த கண், இந்தப் பெரும்பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் குளமாக இருந்து வடிந்திருக்க வேண்டும் என்று கண்டுகொள்ளும். ஹிட்ச்காக்கின் பெயர் அந்த ஏரிக்கு வருமுன்னரே இவர்கள் அந்த முடிவை எட்டியிருக்கிறார்கள். அபெனாக்கி வழிவந்த அறிஞர் மார்கரெட் புருஷாக் இத்தகைய கதைகளை நிலத்தை வாசிக்கும் அறிவாகப் பார்க்கச் சொல்கிறார். அதுவே சரி என்று நான் கருதுகிறேன். "பனியுக நினைவு" என்ற பட்டம் பார்வைக்கு மரியாதைபோல இருக்கிறது. ஆனால் அது கதை சொன்னவர்களைப் பழைய செய்தியைச் சுமந்துவந்த வெறும் பாத்திரமாக ஆக்கிவிடுகிறது. அவர்கள் சுமந்துவரவில்லை, பார்த்தார்கள், ஒப்பிட்டார்கள், முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொன்று, கதை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பது. ஒருவன் எல்லாருக்குமான நீரைத் தனக்கென்று அடைத்துவிட்டான், மற்றவர்கள் பசியில் கிடக்கிறார்கள். அபெனாக்கி வரலாற்றாசிரியர் லிசா புரூக்ஸ் இதைப் பகிர்வு குலைந்த நிலையைப் பற்றிய கதையாக வாசிக்கிறார். பொக்கம்டக் வரலாறு அந்த வாசிப்புக்கு உடம்பு கொடுக்கிறது. 1638இல் கனெக்டிகட் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் பட்டினி கிடந்தபோது, பொக்கம்டக் மக்கள் 50 படகுகளில் சோளம் ஏற்றி ஆற்றோடு அனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1652 முதல் 1657 வரை, ஸ்பிரிங்ஃபீல்ட் வணிகர் ஜான் பிஞ்சன் அதே ஆற்றின் வழியாக ஏற்றுமதி செய்த பீவர் தோல்கள் 9,000ஐ நெருங்கின. எதைப் பகிர்வது, யார் அள்ளிக்கொண்டு போவது என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பனியுகத்துக் கேள்வி அல்ல.

மற்ற கதைகள் இந்த முடிவோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்தேன். நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் மக்கள், மைனாஸ் வளைகுடாவின் வாயை ஒரு பெரும் பீவர் அணை கட்டி அடைத்திருந்தது என்றும், குளுஸ்காப் என்ற கதைநாயகன் கேப் ஸ்பிளிட் முனைப் பக்கம் அதை உடைத்துவிட்டான் என்றும், பீவரை நோக்கி அவன் எறிந்த மண்ணாங்கட்டிகளே ஐந்து தீவுகள் என்றும் சொல்கிறார்கள். உலகிலேயே மிக உயர்ந்த ஓதம் ஏறி இறங்கும் இடம் அது. அணை உடைந்து நீர் பாய்வதை நாளுக்கு இருமுறை கண்ணால் பார்க்கிறவர்களின் கதை. வடமேற்கே டெனே மக்களின் கதைநாயகன் யமோரியா, கிரேட் பேர் ஏரியிலிருந்து பெரும் பீவர்களைத் துரத்திக் கொன்று, அவற்றின் தோல்களை துலிதா ஊருக்கு எதிரிலுள்ள பேர் ராக் மலைமுகத்தில் விரித்துக் காயப்போட்டான். தோலின் அடையாளங்கள் பாறையில் இன்றும் செந்நிறத் திட்டுகளாகத் தெரிகின்றன. பீவர் கறியைச் சுட்டபோது சொட்டிய கொழுப்பு இன்னும் எரிகிறது என்று பக்கத்துப் புகையைக் காட்டுகிறார்கள். அது நிலத்தடியில் எரியும் நிலக்கரிப் படலம். 1789இலேயே அலெக்சாண்டர் மெக்கன்சி அந்தப் புகையைக் கண்டு எழுதிவைத்தார். தீவு, பாறைத்திட்டு, புகை, மலை என்று எங்கே போனாலும் கதையின் வேர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் நிலத்தில்தான் ஊன்றியிருக்கிறது. புதைந்த எலும்பில் அல்ல.

யூக்கானைப் பற்றி மட்டும் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். அங்கே ஓல்ட் க்ரோ ஆற்றங்கரையில் காஸ்டராய்டிஸ் எலும்புகள் கரை இடிந்து வெளியே விழுந்துகொண்டே இருக்கின்றன. பெருவிலங்குகளைச் சிறிதாக்கிய நாயகர்களின் கதைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்த மக்கள் அதற்கு விளக்கம் தேடியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதுவும் நினைவு அல்ல, கண்டுபிடிப்பு.

மீன்

முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருகிறேன். ஃபீல்டின் கதையில் பீவர் மீன் தின்கிறது. எந்த பீவரும் மீன் தின்பதில்லை, சின்னதும் சரி, பெரியதும் சரி. பொக்கம்டக் மக்கள் தலைமுறை தலைமுறையாக பீவரைப் பிடித்து, அறுத்து, சமைத்தவர்கள். அதன் வயிற்றில் என்ன இருக்கும் என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அப்படியிருக்க, இந்த மீன் எங்கிருந்து வந்தது?

என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே கொள்ளுங்கள். பழைய கதையில் மீன் தின்னப்படாமல், அணையால் மறிக்கப்பட்டு அற்றுப்போனதாக இருந்திருக்கலாம். கனெக்டிகட் ஆற்றில் கடலிலிருந்து ஏறிவரும் சால்மனும் ஷாட் மீனும்தான் வசந்தகாலப் பசிக்கு மருந்து. டீர்ஃபீல்டுக்குச் சற்று மேலே இருக்கும் அருவியில் பல இனத்தாரும் கூடி மீன் பிடித்தார்கள். 1798இல் அதே அருவியில், இன்றைய டர்னர்ஸ் ஃபால்ஸில், குடியேறிகள் குறுக்கே அணை கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த ஆற்றில் சால்மன் இனமே அற்றுப்போனது. ஆற்றை அடைத்து மீனைத் தீர்த்தவன் என்ற சொல்லின் பொருள் அங்கே இருந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லாத ஒன்று.

அந்தச் சொல் "மீனைத் தின்றவன்" என்று மாறியது எப்படி என்பதற்கும் ஒரு காரணம் தென்படுகிறது. தோல் வணிகமும் காடழிப்பும் சேர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மாசசூசெட்ஸில் பீவர் இனத்தைத் துடைத்துவிட்டன. ஃபீல்ட் கதையை எழுதிக் கொடுத்தபோது அந்த மாநிலத்தின் ஓடைகளில் பீவர் இல்லாமல் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தன் வாழ்நாளில் ஊர்ப்பக்கம் ஒருபோதும் இல்லாத விலங்கைப் பற்றி அவர் எழுதினார். அது எதைத் தின்னும் என்று போய்ப் பார்க்க அவருக்கு ஒரு குளம்கூட மிஞ்சியிருக்கவில்லை.

1928இல் மாநிலத்தின் மேற்கு எல்லையோரம் வெஸ்ட் ஸ்டாக்பிரிட்ஜில் பீவர் மீண்டும் காணப்பட்டது. 1932இல் நியூயார்க்கிலிருந்து மூன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வழிவந்தவை இன்று மாநிலத்தின் பெரும்பகுதியில் ஓடைகளை மறித்து, சின்னச் சின்னக் குளங்களைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன.